முதன்முதலில் கவனித்தது எப்போது

எந்த வருஷம்டா அது, அந்தக் கரடி கேம்ப், என்று கேட்டுவிட்டு தனசேகர் பேனாவைத் தாளுக்கு மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான், நான் ஞாபகப்படுத்திப் பார்ப்பவன்போல எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன், அங்கே மூளையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று, நறுக்கிய காலிஃபிளவர் மாதிரி, அதற்குக் கீழே செல்போனை அணைத்து வைக்கவும் என்று எழுதியிருக்கிறது, யாரும் அணைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் டாக்டரின் அறைக்கு வெளியே, காலை பத்தே முக்காலுக்கு, நீல பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் மூன்று பேர்: தனசேகர், அவனுடைய மனைவி செண்பகவல்லி, நான். எங்களுக்கு இருபத்தாறாம் டோக்கன், உள்ளே போயிருப்பது இருபத்து மூன்று. படிவத்தில் பெயர், வயது நாற்பத்தேழு, இருப்பது அமெரிக்கா, எல்லாம் எழுதி முடித்து ஆறாவது கேள்விக்கு வந்திருக்கிறான்: மறதியை முதன்முதலில் கவனித்தது எப்போது, என்ன நடந்தது. என்ன நடந்தது என்பதை எழுதிவிட்டான், அவனுடைய கொட்டை எழுத்தில்: கேம்ப்பில் சோற்றை வெளியே வைத்துவிட்டு மறந்துபோனாள், கரடி வந்துவிட்டது. வருஷம் மட்டும் பாக்கி. வருஷம் எனக்குத் தெரியும். தேதி தெரியும், கிழமை தெரியும், அன்றைக்கு என்ன திதி என்பதுகூடத் தெரியும், ஏனென்றால் அந்தச் சோற்றை வைத்தவன் நான். இரு, யோசிக்கிறேன், என்கிறேன். மெதுவா யோசி, இன்னும் மூணு பேர் இருக்காங்க, என்கிறான், பெரிய மனது பண்ணி.

இவனை எனக்குப் பிடிக்காது. முப்பது வருஷமாகப் பிடிக்காது, கல்லூரி விடுதியில் இரண்டாம் வருஷம் என் வாளியில் தன் பெயரை எழுதி வைத்த நாளிலிருந்து, ஆனாலும் இவனோடுதான் வேலைக்குப் போனேன், இவன் இருந்த ஊரிலேயே பென்சில்வேனியாவில் வீடு பார்த்தேன், இவன் கூப்பிட்ட கேம்ப்புக்கெல்லாம் போனேன், நான்கு பருவத்துக்கும். கேம்ப்பிங் என்பதை இவன்தான் எங்களுக்குள் கொண்டுவந்தான். அஞ்சு குடும்பம், ஒரு அட்டவணை, விறகு ஒருத்தர், தண்ணீர் ஒருத்தர், கூடாரத்துக்கு முளைக்குச்சி அடிக்கிறது குத்தாலம், அதாவது நான், குற்றாலிங்கம் என்ற பெயர் அவன் வாயில் ஒருநாளும் முழுதாக வந்ததில்லை, சாப்பாடு செண்பகம். மாநிலப் பூங்காவில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் முன்னாலேயே பதிய வேண்டும், பதிவு திறக்கிற காலையில் ஆளுக்கொரு மடிக்கணினியோடு உட்கார்ந்து இவன் போனில் கட்டளையிட நாங்கள் அமுக்குவோம். எதற்கு? ஏப்ரலில் சேறு. காலை வைத்தால் ஷூவைப் பிடித்துக்கொண்டு விடாத சேறு, இலையில்லாத மரங்கள், திரும்பி வந்து கக்கத்திலும் முட்டிக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் தேடிக்கொள்கிற கேவலம். ஜூலையில் கொசு, ஈரம், பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரன் எங்கள் கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டது, தனசேகர் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பி செண்பகத்தை முறைத்தது. அக்டோபரில் குளிர், மண்ணுக்குள்ளிருந்து முதுகுக்கு ஏறுகிற குளிர். இயற்கையில் அமைதி இருக்கிறது என்று சொன்னவன் யாரோ, அவன் கண்டிப்பாகத் தரையில் படுத்ததில்லை. காட்டுக்கு நாங்கள் வேண்டாம். அது எனக்கு முதல் நாளே தெரிந்தது. அந்த மரங்கள் நம்மைப் பார்ப்பதில்லை, நம்முடைய பெயர், நாம் விட்டுவந்தது, செத்துப்போன நம் அப்பா, எதையும் அவற்றுக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் சொல்லப் போனேன், அதுதான் வினை.

செண்பகம் மடியில் இருக்கும் கைப்பையின் ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்க்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறப்பாள். அதையும் தனசேகர் எழுதியிருக்கிறான், ஏழாவது கேள்விக்கு: பையைத் திறந்து திறந்து பார்க்கிறாள், அடுப்பில் பாலை விட்டாள், மகளைத் தங்கச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், நெடுஞ்சாலையில் வேறு வழியில் இறங்கி நாற்பது மைல் போய்விட்டாள். கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ரெண்டு வருஷம் ஆகிறது. பள்ளி நூலகத்தில் பார்த்த வேலையை விடச் சொல்லி ஒன்றரை வருஷம். பால் பொங்கி அடுப்பு அணைவது என் வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது, என் மகனை நான் நாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், யாரும் எனக்குப் படிவம் எடுத்து வரவில்லை. ஆனால் செண்பகத்துக்கு ஒரு முதல் சம்பவம் இருக்கிறது. முதல் ஒன்று இருந்தால் அப்புறம் வருவதெல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்றுகொள்ளும். அதோடு அவளுடைய அம்மா, கோவில்பட்டியில், எழுபது வயதில், சோறு ஊட்டுகிற மகளைப் பார்த்து நீ யாரு தாயி என்று கேட்டபடி போனவர். டாக்டரின் உதவியாளர் போனில் என்னிடம் சொன்னார், நான்தான் இந்த நேரத்தையும் வாங்கிக் கொடுத்தவன், எல்லா உதவியும் செய்வேன், அந்த ஒன்றைத் தவிர: முதல்ல எப்ப ஆரம்பிச்சதுன்னு சரியா எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்க சார், அத வச்சுத்தான் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு பாப்பாரு, நாப்பதுல ஆரம்பிச்சா ஒண்ணு, இப்பத்தான்னா வேற, சும்மா பயமாக்கூட இருக்கலாம். சும்மா பயமாகக்கூட இருக்கலாம். தனசேகர் நேற்று என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, அவள் குளிக்கப் போயிருந்தபோது, வடவள்ளிப் பக்கம் ஒரு இல்லம் பார்த்திருப்பதாகச் சொன்னான். தோட்டமெல்லாம் இருக்கு, நர்ஸ் இருக்காங்க, இட்லி சூடா குடுக்கறாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த மாதமே சேர்த்துவிட்டு அவன் திரும்பிவிடுவான். நீ பக்கத்துல இருக்கறது எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமாடா, என்றான். நான் இன்னும் கொஞ்சம் முறுக்கு வைத்தேன் அவன் தட்டில்.

சொல்லிவிட்டால் முடிந்தது. மூன்று வார்த்தை. இருபத்து நான்காம் டோக்கனை நர்ஸ் கூப்பிடுகிறாள், ஒரு கிழவர் மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், எழுந்தவர் கதவு இருக்கும் பக்கத்தை விட்டு லிஃப்ட் பக்கம் நடக்கிறார், மருமகள் திருப்பிக் கூட்டிப்போகிறாள், செண்பகம் அவரைப் பார்க்கிறாள், பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று வார்த்தைதான். ஆனால் அதன் பின்னால் அந்தக் காலை முழுதும் வரும். நீண்ட வார விடுமுறை, திங்கள்கிழமை, கிளம்புகிற நாள். எனக்கு ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது, அன்றைக்கு மாளய அமாவாசை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே முந்தின வாரம் போனில் பார்த்து வைத்திருந்தேன், ஆபீஸ் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்க்கிறவன் மாதிரி. அப்பா போய் எட்டு மாதம். பிப்ரவரியில் பனிப்புயல், விமானம் ரத்து, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன், எல்லாம் முடிந்திருந்தது, சித்தப்பா மகன் மொட்டையோடு நின்றான். காரியத்துக்கும் நான் உட்காரவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று அந்தக் கூட்டத்தில் நின்று சொன்னேன், சத்தமாக, இங்கிலீஷ் கலந்து. கல்லூரியிலேயே நான் அப்படித்தான், தனசேகர் தன் அப்பாவுக்குத் திவசம் கொடுக்க ஊருக்குப் போனால், காக்காய்க்கு விசா வாங்கிவிட்டாயா என்று கேட்டவன், அந்தக் கிண்டலை அமெரிக்காவிலும் பதினைந்து வருஷம் ஓட்டியவன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு, கம்பளிக் குல்லாவும் நெற்றியில் கட்டிய விளக்குமாக, சட்டைப் பையில் ஒரு மாத்திரை டப்பாவில் கறுப்பு எள்ளோடு, கூடாரத்தை விட்டு ஊர்ந்து வெளியே வந்தேன். செண்பகம் அதற்குள் எழுந்து தயிர்சாதத்துக்கு வடித்து வைத்துவிட்டுப் பல் விளக்கப் போயிருந்தாள், பானையில் ஆவி பறந்தது. அவளுடைய பெரிய கரண்டியால் ஒரு கரண்டி எடுத்தேன். வாழையிலைக்கு எங்கே போவது, கீழே கிடந்த மேப்பிள் இலைகளில் அகலமாக மூன்றைப் பொறுக்கிப் பனியைத் துடைத்து, கூடாரங்களுக்குப் பின்னால் ஒரு தட்டைப் பாறைமேல் விரித்து, சோற்றை வைத்து, எள்ளைத் தூவி, கா என்று கூப்பிட்டேன். மெதுவாக. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது, காக்காய்க்கு மட்டும் கேட்க வேண்டும். ஊசியிலை மரத்து உச்சியில் இரண்டு இருந்தன, நம்மூர்க் காக்காய்போல இல்லை, கழுத்தில் சாம்பல் கிடையாது, முழுக் கறுப்பு, பெரிது, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தன, இறங்கவில்லை. அப்பாவுக்கு இறங்குவதாக இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். கண் எரிந்தது, புகையாக இருக்கலாம், அடுப்பு ஒன்றும் எரியவில்லை. காக்காய் தொடாத சோற்றை எடுத்துக் குப்பையில் போடவும் முடியாது, அது ஊரில் பார்த்துப் பார்த்துக் கைக்குள்ளே ஊறியிருக்கிறது, மூளை என்ன படித்திருந்தாலும் கை எடுக்கவில்லை. உணவை வெளியே வைக்காதீர்கள் என்று பாறைக்கு எதிரிலேயே கரடிப் படம் போட்டு எழுதியிருந்தது, வாசித்தேன். அந்த எழுத்து எனக்கு இல்லை, சோறு உணவு இல்லை, அது அப்பாவுக்கு. இப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா. குத்தாலம், முளையெல்லாம் வந்து புடுங்கிக்கலாம், அருவிக்குப் போகணும், என்று தனசேகர் கத்தினான், கரண்டியைப் பாறைமேலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

அருவியிலிருந்து திரும்பி வந்தபோது பதினொன்றரை. கரடி அப்போதுதான் போய்க்கொண்டிருந்தது, அவசரமில்லாமல், பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, ஒரு கரிய சோஃபா நடந்து போவதுபோல. பாறையை நக்கிச் சுத்தமாக்கியிருந்தது, இலைகளைக்கூடக் காணோம், ஆசை அடங்காமல் கூடாரங்களுக்கு வந்து தனசேகரின் கூடாரத்தை நெடுகக் கிழித்து, குளிர்பெட்டியைப் பிளந்து, பிள்ளைகளின் பைகளைக் குதறி வைத்திருந்தது. யாருக்கும் அடியில்லை. பாறை இடுக்கில் நாலு பருக்கை, மேலே கரண்டி. ரேஞ்சர் வந்தார், தொப்பியைக் கழற்றாமல் கரண்டியைத் தூக்கிக் காட்டி இது யாருடையது என்று கேட்டார், ஐந்து குடும்பமும் ஒரே நேரத்தில் செண்பகத்தைப் பார்த்தது. நானும் பார்த்தேன். எல்லாரும் பார்க்கும்போது நான் மட்டும் பார்க்காமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று பார்த்தேன். அவள் தனசேகரின் நீலக் கம்பளி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கை நீண்டு விரலை மூட, நான் வைக்கலியே, என்றாள். சாப்பாடு யாரோட டிபார்ட்மெண்ட், என்றான் தனசேகர். நான் வைக்கலைங்க. பின்னே கரண்டி நடந்து போச்சா? காரில் ஏறும்போது அவள் என் மனைவியிடம், ஒருவேளை வச்சிருப்பேனோ கோமதி, பாத்திரம் ஒழிக்கிற அவசரத்துல, என்று கேட்டது எனக்குக் கேட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். பதினைந்து வருஷக் கிண்டல் அப்படியே திரும்பி என் தலையில் விழும் என்பதைத் தவிர ஒரு நஷ்டமும் இல்லை. பூங்காவிலிருந்து எச்சரிக்கை நோட்டீஸ் வந்தது, இடம் பதிந்த தனசேகர் பெயருக்கு, அவன் அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. பத்து நாள் கழித்து ரேஞ்சர் ஆபீசிலிருந்து போன்: அந்தக் கரடி மறுபடி கூடாரங்களுக்கு வந்தது, மனுஷன் சோற்றை ருசி பார்த்துவிட்டது இனி நிறுத்தாது, சுட்டுவிட்டோம். அதையும் தனசேகர் செண்பகத்திடம்தான் சொன்னான். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று கோமதி சொன்னாள். நான் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்பதுகூட ஞாபகம் இருக்கிறது, முருங்கைக்காய்.

கேம்ப் நிற்கவில்லை, அதுதான் கொடுமை. ஜனவரியில் இன்னொரு பூங்காவில் பனிக்கு நடுவே வட்டக் கூடாரம், உள்ளே இரும்பு அடுப்பு, வெளியே இருபது தப்படியில் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி. கரடியெல்லாம் தூங்குகிற மாதம் அது, அடுப்புக்குப் பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தோம், செண்பகம் எழுந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டு போய்ப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பனியில் அவள் காலடி ஒரே தடத்தில் விழுந்து விழுந்து பாதையாகிவிட்டது. கரடிக்குக் குட்நைட் சொல்லிட்டு வர்றியா, என்றான் தனசேகர், எல்லாரும் சிரித்தார்கள், சீட்டைப் பார்த்தபடி நானும். அந்த ஏப்ரலில் அவள் சமைக்க மாட்டேன் என்றாள். ஜூலையில் வரவில்லை. அப்புறம் அவளே அதைக் கதையாக்கிக்கொண்டாள், தீபாவளி விருந்துகளில், புதிதாக வந்தவர்களுக்கு, நான் கரடிக்கே சோறு போட்டவ தெரியுமா என்று ஆரம்பிப்பாள். முதலில் கரண்டியை வைத்துவிட்டேன் போல என்றுதான் சொன்னாள். மறு வருஷம் அந்த 'போல' போய்விட்டது. அதற்கடுத்த வருஷம் கையைத் துடைத்தது வந்தது, ஒரு வெள்ளைத் தட்டு வந்தது, பாறை ஜில்லென்று இருந்தது வந்தது. நான் பாயசக் கிண்ணத்தோடு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது. அவளே ஒத்துக்கொண்டு விட்டாளே. என்னிடமிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாங்கிக்கொள்வது மாதிரி இருந்தது, இடுப்பிலிருந்த பிள்ளையை இன்னொருத்தி கை நீட்டி வாங்குவதுபோல. அப்புறம் நான் ஊரோடு வந்துவிட்டேன். அப்பா இல்லாத ஊருக்கு. நம்பிக்கை இல்லை என்று இப்போதும் சொல்கிறேன், காக்காய்க்கு வைப்பதில்லை, பயமாக இருக்கிறது.

இருபத்தைந்து உள்ளே போகிறது. என்னடா, தியானமா, என்கிறான் தனசேகர், பதினேழா பதினெட்டா? எனக்கு அவன் பேனாவைப் பிடுங்கி அவன் தொண்டையில், இல்லை, அவன் மேலே மட்டும் கோபம் என்று சொல்லிக்கொள்வது சுகமாக இருக்கிறது, அதனால்தான் சொல்லிக்கொள்கிறேன். செண்பகம் ஜிப்பைத் திறக்கிறாள். உள்ளே பாஸ்போர்ட் இருக்கிறது, எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. மூடுகிறாள்.

"செண்பகம், அந்தச் சோத்த வச்சது நான்."

தனசேகர்தான் முதலில் திரும்புகிறான், எந்தச் சோறு என்கிறான். கரடிச் சோறு, என்கிறேன், அன்றைக்கு மாளய அமாவாசை, எங்கப்பாவுக்கு வைத்தேன், கரண்டியை நான்தான் பாறையில் விட்டேன், எள்ளு போட்டு, மேப்பிள் இலையில், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டின கதை மாதிரிக் கேட்கிறது. அவன் என்னைப் பார்க்கிறான், அவன் முகம் மெதுவாக இளகுகிறது, கண்ணில் தண்ணீர் வரும்போல ஆகி, சிரிக்கிறான். நீயா, என்கிறான், பெத்த அப்பனுக்குக் கொள்ளி வெக்க வராதவன், காரியத்துக்கு உக்கார மாட்டேன்னவன், நீ காக்காய்க்குச் சோறு வெச்சியா? அவன் என் தோளைத் தட்டுகிறான். பாத்தியா செண்பா, உனக்காக என்னவெல்லாம் சொல்றான் பாரு, இவன்தாண்டி நட்பு. நான் அவன் கையைத் தட்டிவிடுகிறேன். சத்தமாகச் சொல்கிறேன், நிஜமாகச் சொல்கிறேன், பொய் சொன்னது இந்த ஏழு வருஷம்தான், இன்றைக்கு இல்லை, அதை எழுதாதே, அடி அந்த வரியை. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கிறார்கள். இப்படிக் கத்துகிறவர்களை இந்த வராந்தா தினமும் பார்க்கும்.

செண்பகம் பையை நாற்காலியில் வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்காருகிறாள். என்மேல் கோபப்படப்போகிறாள், அறையட்டும், அறைந்தால் நல்லது, என்று நினைக்கிறேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோல மெதுவாகப் பேசுகிறாள்.

"வேண்டாம்ணே. நான்தான் வச்சேன். முந்தானையில கையத் துடைச்சுக்கிட்டே கொண்டுபோயி அந்தப் பாறையில வச்சேன், எனக்கு அப்படியே கண்ணுல நிக்குது."

முந்தானையா. நீ அன்றைக்கு ஜாக்கெட்டும் டிராக் பேன்ட்டும் போட்டிருந்தாய், நீ எந்தக் கேம்ப்புக்கும் சேலை கட்டி வந்ததே இல்லை, என்று சொல்ல வாயைத் திறக்கிறேன். திறந்து, அவள் முகத்தைப் பார்க்கிறேன். இதைச் சொன்னால், அந்தச் சோறு அவளுடையது இல்லை என்று ஆகும், கூடவே, நடக்காததைக் கண்ணால் பார்க்கிறவள் என்றும் ஆகும். எந்தப் பக்கம் தள்ளினாலும் அவள்மேலேதான் விழுகிறது. அவள் என் கண்ணைப் படித்துவிட்டவள்போல என் மணிக்கட்டைத் தொடுகிறாள், விரல்கள் ஜில்லென்று இருக்கின்றன, ஏசி.

"எல்லாம் என்னை விட்டுப் போய்க்கிட்டு இருக்குண்ணே. இது ஒண்ணுதான் தெளிவா இருக்கு. இதையும் உங்களுதுன்னு சொல்லாதீங்க."

இருபத்தாறு, செண்பகவல்லிங்க, என்று நர்ஸ் கதவைப் பாதி திறந்து கூப்பிடுகிறாள். தனசேகர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வருஷத்தச் சொல்லித் தொலைடா, கூப்புட்டாச்சு, என்கிறான். செண்பகமும் என்னைப் பார்க்கிறாள், அவளுக்கும் அது வேண்டும், காலியாக இருக்கும் அந்த இடம் நிரம்ப வேண்டும். ரெண்டாயிரத்துப் பதினெட்டு, என்கிறேன், அக்டோபர் எட்டு, திங்கள்கிழமை. யானை ஞாபகம்டா உனக்கு, என்றபடி தனசேகர் ஒரு காலை நாற்காலியில் ஊன்றி முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறான். அவள் என்னைப் பார்த்து, நன்றி சொல்லும்போது தலையைச் சாய்ப்பாளே அதுபோலச் சாய்த்துவிட்டு உள்ளே போகிறாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, ஒரு விரற்கடை இடைவெளி. உட்காரச் சொல்கிற குரல், நாற்காலி இழுபடும் சத்தம், முதல்ல என்னம்மா கவனிச்சீங்க என்கிற கேள்வி. நான் எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்தலாம், கை வரவில்லை. நான் கரடிக்கே சோறு போட்டவ டாக்டர், என்று அவள் ஆரம்பிக்கிறாள், விருந்துகளில் சொல்கிற அதே இழுப்போடு, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல். டாக்டர் ஒரு இடத்தில் சிரிக்கிறார்.